ஒரு நாள் குறைந்த அறிவிப்பு

இரண்டு ஆண்டுகளுக்கு முன், மார்ச் மாதத்தில் ஒரு சனிக்கிழமை காலை பத்தேகால் மணிக்கு, சிங்கப்பூரின் ஈசூன் வட்டாரத்தில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தபோது இது தொடங்கியது. மறுநாள் பிற்பகல் மூன்று மணிக்கு லிட்டில் இந்தியாவில் எங்கள் சங்கத்தின் ஆண்டுப் பொதுக்கூட்டம். சங்கத்தின் செயலாளர் நான்தான். கோப்பில் எல்லாத் தாள்களும் வரிசையாக இருக்கின்றனவா என்று கடைசியாக ஒருமுறை சரிபார்த்துக்கொண்டிருந்தேன்.

கூட்ட அறிவிப்பின் நகல் முதலில் இருந்தது. அதை உறுப்பினர்களுக்கு அனுப்பியது இரண்டு வாரங்களுக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை. கூட்டமும் ஞாயிற்றுக்கிழமை. ஞாயிறிலிருந்து ஞாயிறு பதினான்கு நாட்கள். சரி என்று பக்கத்தைப் புரட்டினேன். அடுத்து சங்கத்தின் அமைப்பு விதிகள். அதில் நான் பல தடவை படித்த ஒரு வரி அன்று கண்ணில் வேறு மாதிரிப் பட்டது. அறிவிப்பு அனுப்பும் நாளும் கூட்டம் நடக்கும் நாளும் நீங்கலாக, முழுமையாகப் பதினான்கு நாட்கள் இருக்க வேண்டும்.

எழுந்து போய்ச் சுவரில் மாட்டியிருந்த நாட்காட்டியில் விரல் வைத்து எண்ணினேன். திங்கள் ஒன்று, செவ்வாய் இரண்டு. சனிக்கிழமை, அதாவது அன்றைய தினம், பதின்மூன்று. மறுபடி எண்ணினேன். மூன்றாவது முறை என் கணவரைக் கூப்பிட்டு, காரணம் சொல்லாமல், எண்ணச் சொன்னேன்.

"பதிமூணு. ஏன், என்ன ஆச்சு?" என்றார்.

எனக்கு வியர்த்துவிட்டது. மின்விசிறிக்கு நேர் கீழே நின்றுகொண்டிருந்தேன்.

ஒரு நாள்தானே என்று உங்களுக்குத் தோன்றலாம். அது ஏன் என்னை அப்படி ஆட்டிப்போட்டது என்று சொல்கிறேன். சிராங்கூன் சாலையிலிருந்து பிரியும் ஒரு சந்தில், ஒரு பழைய கடைவீட்டின் மாடியில், எங்கள் சங்கத்துக்கு ஓர் அறை உண்டு. செவ்வாய், வெள்ளிக் காலைகளில் முப்பது முதியவர்கள் போல அங்கே வருவார்கள். சேர்ந்து உடற்பயிற்சி செய்வார்கள், செய்தித்தாள் படிப்பார்கள், கேரம் ஆடுவார்கள், மதியம் சாப்பிட்டுவிட்டுப் போவார்கள். அவர்களில் பாதிப் பேர் வாடகை வீடுகளில் தனியாக இருப்பவர்கள். அந்த அறையின் குத்தகை மார்ச்சோடு முடிகிறது. உரிமையாளர் இன்னும் இரண்டு ஆண்டுகளுக்குத் தரச் சம்மதித்திருந்தார். ஆனால் வரும் புதன்கிழமைக்குள் ஒப்பந்தத்தில் கையெழுத்திட வேண்டும், இல்லாவிட்டால் காத்திருக்கும் வேறொருவருக்குக் கொடுத்துவிடுவேன் என்று சொல்லியிருந்தார். எங்கள் விதிப்படி ஓராண்டுக்கு மேற்பட்ட எந்த ஒப்பந்தத்துக்கும் பொதுக்கூட்டத்தின் ஒப்புதல் வேண்டும். கூட்டம் செல்லாது என்றால் ஒப்புதல் கிடையாது. புதிதாக அறிவிப்பு அனுப்பிக் கூட்டம் போட்டால் ஏப்ரல் பிறந்துவிடும். அறை போய்விடும்.

உரிமையாளரின் வழக்கறிஞர் ஒரு தாளையும் அனுப்பியிருந்தார். 'சங்கத்தின் விதிகளின்படி முறையாகக் கூட்டப்பட்ட கூட்டத்தில் நிறைவேற்றப்பட்டது' என்று அச்சிட்டிருந்தது. அதற்குக் கீழே செயலாளர் கையெழுத்திட ஒரு கோடு.

எப்படி இந்தத் தவறு நேர்ந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அறிவிப்புகள் சனிக்கிழமை மாலையே தயாராக இருந்தன. அன்றே அனுப்பியிருந்தால் எந்தச் சிக்கலும் இல்லை. நான்தான், முகவரிகளை இன்னொரு தடவை சரிபார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை அனுப்பலாம் என்று நிறுத்தி வைத்தேன். எனக்கு எதிலும் துல்லியம் வேண்டும். முப்பது வருடமாக ஒரு நாள் விடாமல் நாட்குறிப்பு எழுதுகிறேன். சங்கத்தில் என் முதுகுக்குப் பின்னால் 'ஆடிட்டர் அக்கா' என்று கூப்பிடுவார்கள் என்பது எனக்குத் தெரியும். கேட்காததுபோல் இருந்துகொள்வேன். உள்ளூர அதில் கொஞ்சம் பெருமையும் இருந்தது.

அந்தப் பெயர் எனக்கு வந்த கதையும் இதில் சேர்ந்ததுதான். அதற்கு மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் சாதாரண உறுப்பினர். அப்போதைய செயலாளர் பதினோரு ஆண்டுகளாக அந்தப் பொறுப்பில் இருந்த ஒரு பெரியவர். பொதுக்கூட்டத்தில் முந்தைய ஆண்டின் கூட்டக் குறிப்பைப் படித்தார்கள். அதில் வந்திருந்தவர்கள் பட்டியலில் இரண்டு பேரின் பெயர் இருந்தது. அந்த இருவரும் அந்த மாதம் இந்தியாவில் இருந்தவர்கள். நான் எழுந்து அதைச் சொன்னேன். அதோடு நிறுத்தியிருக்கலாம். இந்தப் பதவியில் இருப்பவருக்கு இந்த அளவு அக்கறைகூட வேண்டாமா, அவரை நம்பித்தானே நாம் கையெழுத்துப் போடுகிறோம் என்று நாற்பது பேர் முன்னிலையில் நான்கைந்து நிமிடம் பேசினேன். அவர் நின்றபடியே கேட்டுக்கொண்டிருந்தார். முடித்ததும், நீங்கள் சொல்வது சரிதான் அம்மா என்று மட்டும் சொல்லி உட்கார்ந்தார். தேர்தல் வந்தபோது செயலாளர் பதவிக்கு நிற்கவில்லை என்றார். யாரும் முன்வரவில்லை. பின்வரிசையிலிருந்து ஒருவர், "கண்டுபிடிச்ச அக்காவே செய்யட்டும் லா" என்று குரல் கொடுத்தார். எல்லாரும் கை தட்டிவிட்டார்கள். எங்களைப் போன்ற சங்கங்களில் பதவிகள் பெரும்பாலும் இப்படித்தான் நிரம்புகின்றன.

ஒரு வாரம் கழித்து அந்தப் பெரியவர் தொலைபேசியில் கூப்பிட்டார். ஒரு மத்தியானம் வீட்டுக்கு வந்தால் கோப்புகளை எல்லாம் விளக்கித் தருகிறேன் என்றார். கோப்பு இருக்கிறதே, நானே படித்துக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன். இரண்டு பைகளில் எல்லாவற்றையும் போட்டு அனுப்பிவைத்தார். அதன் பிறகு அவர் எந்தக் கூட்டத்துக்கும் வரவில்லை.

நான் செயலாளராக இருந்த மூன்று ஆண்டுகளில், என் கூட்டக் குறிப்பில் எவரும் ஒரு திருத்தம்கூடச் சொன்னதில்லை. 'திருத்தங்கள் ஏதும் உண்டா' என்று தலைவர் கேட்பார். அறை அமைதியாக இருக்கும். அந்த அமைதியை நான் பாராட்டாக எடுத்துக்கொண்டிருந்தேன்.

சனிக்கிழமை பகல் பன்னிரண்டு மணிக்குத் தலைவரைப் பார்க்கக் கிளம்பினேன். அவருக்கு லிட்டில் இந்தியாவில் படங்களுக்குச் சட்டம் போடும் சின்னக் கடை இருக்கிறது. எம்ஆர்டி ரயிலிலிருந்து இறங்கி நடந்துபோகும்போது, வெள்ளிக்கிழமை தவறாமல் வருகிற ஓர் அம்மா காய்கறிக் கடை வாசலில் என்னைப் பார்த்துவிட்டார். கையைப் பிடித்துக்கொண்டு, செவ்வாய்க்கிழமை உண்டுதானே என்று கேட்டார். உண்டு என்றேன். அடுத்த மாதமும் இங்கேதானே என்றார். அதற்கும் தலையை ஆட்டிவிட்டு வேகமாக நடந்தேன்.

தலைவர் ஒரு கல்யாணப் படத்துக்குச் சட்டம் அடித்துக்கொண்டிருந்தார். நான் சொன்னதைச் சுத்தியலை நிறுத்தாமலே கேட்டார். பிறகு சிரித்தார்.

"பதிமூணு, பதினாலு... யாரும்மா எண்ணிப் பாக்கப் போறா? பேசாம கையெழுத்தப் போட்டு அனுப்புங்க லா."

வழக்கறிஞரின் தாளை எடுத்து அவர் முன்னால் வைத்தேன். விதிகளின்படி முறையாக என்ற இடத்தில் விரலை வைத்தேன். இதன் கீழே என் பெயரை எழுத என்னால் முடியாது என்றேன். அவர் சுத்தியலைக் கீழே வைத்தார். வேறு வழி இருக்கிறதா என்று கேட்டார். தெரியவில்லை என்றேன். எனக்கு அந்த வார்த்தை அவ்வளவு சுலபமாக வருவதில்லை. அவரே ஆச்சரியமாகப் பார்த்தார்.

"தெரிஞ்சவரு ஒருத்தரு இருக்காரு. ஆனா நீங்க போவீங்களா?"

யாரைச் சொல்கிறார் என்று கேட்க வேண்டியிருக்கவில்லை. எனக்கும் காலையிலிருந்து அந்த ஒருவரின் நினைப்புதான். அவர் இன்னும் ஆயுள் உறுப்பினர். அறிவிப்பு அவருக்கும் போயிருக்கிறது. சங்கத்தில் நாட்களை எண்ணிப் பார்க்கக்கூடியவர் என்னைத் தவிர ஒருவர் உண்டென்றால் அது அவர்தான். மூன்று ஆண்டுகளாக வராத மனிதர் நாளைக்கு வந்து, அதே அறையில் எழுந்து நின்று, இந்தப் பதவியில் இருப்பவருக்கு இந்த அக்கறைகூட வேண்டாமா என்று கேட்டால்? கேட்க அவருக்கு எல்லா உரிமையும் உண்டு.

கடை வாசலில் நின்று அவருக்குத் தொலைபேசியில் பேசினேன். ஒரு முக்கியமான விஷயம், இன்றைக்கே பார்க்க வேண்டும் என்றேன். "வாங்க" என்று ஒரே வார்த்தை சொல்லி வைத்துவிட்டார்.

அவர் வீடு புக்கிட் பாஞ்சாங்கில். லிட்டில் இந்தியாவிலிருந்து ரயில் மாறாமல் போய்விடலாம். உட்கார இடம் இருந்தும் நின்றுகொண்டே போனேன். என்ன சொல்வது என்று மனத்துக்குள் எழுதி எழுதி அடித்தேன். வணக்கத்துக்கு அடுத்த வாக்கியம் கடைசிவரை வரவில்லை.

அவருடைய மனைவிதான் கதவைத் திறந்தார். வெயிலில் வந்திருக்கிறீர்களே என்று தண்ணீர் கொண்டுவரப் போனார். பெரியவர் மேசையருகே உட்கார்ந்திருந்தார். நான் பேச வாயெடுக்கும் முன் மேசையைப் பார்த்துவிட்டேன். நான் அனுப்பிய அறிவிப்பு அங்கே விரித்து வைக்கப்பட்டிருந்தது. அனுப்பிய தேதிக்கும் கூட்டத் தேதிக்கும் கீழே பென்சிலால் கோடு. ஓரத்தில் சின்னதாகப் பதின்மூன்று என்ற எண்.

எப்போது பார்த்தீர்கள் என்று கேட்டேன். வந்த அன்றைக்கே என்றார். ஒரு தொலைபேசி செய்து சொல்லியிருக்கலாமே என்று, எந்த உரிமையில் கேட்டேன் என்று தெரியாது, கேட்டுவிட்டேன். தண்ணீர்க் குவளையை வைத்துக்கொண்டே அவர் மனைவி சொன்னார்:

"மூணு நாளு ஃபோனக் கையில எடுத்து எடுத்து வெச்சாரும்மா. 'நான் சொன்னா, பழி தீக்கிறேன்னு அந்தப் பொண்ணு நெனைக்கும்'னு சொல்லிச் சொல்லி வெச்சிட்டாரு."

பெரியவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு, கோபம் துளியும் இல்லாத குரலில், ஒரு கூட்டக் குறிப்பைப் படிப்பதுபோலச் சொன்னார்:

"எனக்கு மட்டும் இல்லம்மா. உங்ககிட்ட ஒரு தப்பு இருக்குன்னு சொல்ல, சங்கத்துல யாருக்கும் வாய் வராது."

அந்த வாக்கியத்தை நான் அன்றைய நாட்குறிப்பில் அப்படியே எழுதி வைத்திருக்கிறேன். மூன்று ஆண்டுகளாக நான் பாராட்டு என்று நினைத்த அமைதி எதுவென்று அந்த மேசையருகே புரிந்தது. அவர் சொல்லியிருந்தால் அறிவிப்பு கைக்கு வந்த அன்றே தெரிந்திருக்கும். புதிய அறிவிப்பு அனுப்பி, கூட்டத்தை ஒரு வாரம் தள்ளி வைத்திருக்கலாம், உரிமையாளரிடமும் பேச நேரம் இருந்திருக்கும். அவரைப் பேசவிடாமல் செய்தது நான்தான்.

அன்றைக்கு நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது சார் என்றேன். நீங்கள் சொன்னது சரிதான், சொன்ன விதம்தான் என்று தொடங்கி, அவர் வாக்கியத்தை முடிக்கவில்லை. "சரி, வேலையப் பாப்போம்" என்று கண்ணாடியைப் போட்டுக்கொண்டார்.

பிறகு அவர் சொன்னது எனக்கு அடுத்த அடி. இதே தவறைப் பன்னிரண்டு ஆண்டுகளுக்கு முன் அவரே செய்திருக்கிறார். அப்போது கூட்டத்தையே தள்ளிவைக்க வேண்டி வந்ததாம். அதனால் அடுத்த ஆண்டு ஒரு புதிய விதியைச் சேர்த்திருக்கிறார்கள். அறிவிப்பு நாட்கள் குறைந்துவிட்டால், மொத்த உறுப்பினர்களில் மூன்றில் இரண்டு பங்கினர் கூட்டம் தொடங்கும் முன் கையெழுத்திட்டுச் சம்மதம் தெரிவிக்க வேண்டும். தெரிவித்தால் கூட்டம் செல்லும். விதிகளின் சிறு புத்தகத்தை மறுபடி அச்சடிக்கவில்லை, அது என் தவறு என்றார். ஆனால் திருத்தமும் அதற்குச் சங்கப் பதிவாளரிடமிருந்து வந்த அங்கீகாரக் கடிதமும் நீலக் கோப்பில் இருக்கின்றன என்றார்.

நீலக் கோப்பு எனக்குத் தெரியும். சங்க அறையின் அலமாரியில் கீழ்த்தட்டில் இருந்தது. அதன் முதுகில் 'பழையவை' என்று என் கையாலேயே ஒட்டி வைத்திருந்தேன். திறந்து பார்த்ததில்லை.

மொத்த உறுப்பினர்கள் அறுபத்தாறு பேர். மூன்றில் இரண்டு பங்கு நாற்பத்து நான்கு. எங்கள் பொதுக்கூட்டத்துக்கு வழக்கமாக வருவது முப்பது பேர். மணி இரண்டு. கூட்டத்துக்கு இன்னும் இருபத்தைந்து மணி நேரம்.

ஒரு வெள்ளைத் தாளை எடுத்துப் பெரியவரே சம்மதப் படிவத்தை எழுதினார். 'அறிவிப்பு ஒரு நாள் குறைவாக அனுப்பப்பட்டுள்ளது' என்று பொதுவாக எழுதியிருந்தார். நான் பேனாவை வாங்கி, 'செயலாளரின் தவறான கணக்கால்' என்று இடையில் சேர்த்தேன். அது வேண்டியதில்லையே என்றார். வேண்டும் என்றேன். முதல் வரியில் அவர் கையெழுத்திட்டார். இரண்டாவது அவர் மனைவி.

அவர் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்தே தலைவரைக் கூப்பிட்டேன். வாட்ஸ்அப்பில் எல்லாரையும் கட்டைவிரல் படம் போடச் சொன்னால் போதாதா என்றார். கையெழுத்து என்று விதியில் இருக்கிறது என்று பெரியவர் பக்கத்திலிருந்து சொன்னார். சிராங்கூன், ஹவ்காங் பக்கத்தைத் தலைவர் எடுத்துக்கொண்டார். புக்கிட் பாஞ்சாங், சுவா சூ காங் பெரியவருக்கு. ஈசூன், செம்பவாங் எனக்கு. வெளியே கிளம்பும் முன், ஒவ்வொருவருக்கும் நானே தொலைபேசி செய்ய வேண்டும் என்று முடிவு செய்தேன்.

அறுபது அழைப்புகளுக்கு மேல் செய்திருப்பேன். ஒவ்வொரு தடவையும் அதே வாக்கியம்: நான் நாட்களைத் தவறாக எண்ணிவிட்டேன், உங்கள் கையெழுத்து வேண்டும். பத்தாவது அழைப்பில் பழகிவிடும் என்று நினைத்தேன். பழகவில்லை. ஒருவர் சிரித்தே விட்டார். "ஆடிட்டர் அக்காவுக்கே கணக்கு தப்பிருச்சா? நான் இன்னைக்கு லாட்டரி எடுக்கணும்" என்றார். எனக்கும் சிரிப்பு வந்தது, கண்ணில் தண்ணீரோடு. ஓர் அம்மா எதற்கும் மகனைக் கேட்டுத்தான் கையெழுத்துப் போடுவேன் என்று சொல்லி வைத்துவிட்டார். செம்பவாங்கில் இருக்கும் ஒருவர், அறிவிப்பே வரவில்லையே என்றார். முகவரியைப் படித்துக் காட்டினேன். அடுக்குமாடி புளோக்கின் எண் தவறாம். மூன்று ஆண்டுகளாக அவருடைய கடிதங்கள் அடுத்த புளோக்குக்குப் போகின்றன. அங்கே இருக்கும் ஒரு சீனப் பாட்டி அவற்றைச் சேர்த்து வைத்துத் தீபாவளிக்கு ஒருமுறை கொண்டுவந்து தருவாராம். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டேன்.

"உங்ககிட்ட எப்படிக்கா சொல்றது?" என்றார்.

எந்த முகவரிப் பட்டியலை இன்னொரு தடவை சரிபார்க்க ஒரு நாள் தள்ளிப்போட்டேனோ, அதே பட்டியல்.

மாலை முழுதும் புளோக் புளோக்காக ஏறி இறங்கினேன். என் கணவர் குடையைப் பிடித்துக்கொண்டு கூடவே வந்தார். எட்டு மணிக்கு மூவரும் எண்ணிக்கையைச் சொல்லிக்கொண்டோம். எனக்கு ஒன்பது, தலைவருக்கு ஏழு, பெரியவருக்கு அவர்கள் இருவரையும் சேர்த்து ஐந்து. இருபத்தொன்று. இன்னும் இருபத்து மூன்று பேர் வேண்டும்.

ஞாயிறு பிற்பகல் லிட்டில் இந்தியா எப்படி இருக்கும் என்று தெரிந்தவர்களுக்குத் தெரியும். வார விடுமுறையில் வந்த வெளிநாட்டு ஊழியர்களால் நடைபாதை நிரம்பி வழிந்தது. ஒன்றரை மணிக்கே நான் மாடிப்படி முடியும் இடத்தில் சிறிய மேசை போட்டு உட்கார்ந்துவிட்டேன். நீலக் கோப்பு பக்கத்தில் திறந்திருந்தது. பெரியவர் இரண்டு மணிக்கு வந்தார். மூன்று ஆண்டுகளுக்குப் பிறகு அந்தப் படியேறுகிறார். ஆளாளுக்கு எழுந்து கைகொடுத்தார்கள். அவர் போய்க் கடைசி வரிசையில் உட்கார்ந்தார்.

இரண்டரைக்கு முப்பத்து நான்கு. மூன்றுக்கு நாற்பத்தொன்று. தலைவர் கடிகாரத்தைப் பார்த்தார். கூட்டத்தைத் தொடங்க அரை மணி நேரம் காத்திருக்க விதியில் இடம் உண்டு. மூன்றே காலுக்கு, மகனைக் கேட்க வேண்டும் என்ற அம்மா மகனையே கூட்டிக்கொண்டு வந்து கையெழுத்துப் போட்டார். நாற்பத்திரண்டு. அதன் பிறகு படியில் யாரும் ஏறவில்லை. கீழே தெருவின் இரைச்சல் மட்டும் கேட்டது. உள்ளே அவ்வளவு பேரும் என்னைப் பார்க்காதது போல் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

மூன்று இருபதுக்குத் தலைவரின் தொலைபேசி ஒலித்தது. தெம்பானிஸிலிருந்து ஒரு தம்பதி டாக்ஸியில் வருகிறார்கள், தெரு நெரிசலில் சந்துக்குள் நுழைய முடியவில்லை, கணவருக்கு முழங்கால் அறுவை சிகிச்சை ஆனதால் நடக்கவும் முடியாது, படியேறவும் முடியாது என்று தலைவர் சொன்னார். நான் தாளையும் பேனாவையும் எடுத்துக்கொண்டு இறங்கினேன். ஓடினேன் என்றே சொல்ல வேண்டும். ஐம்பத்து நான்கு வயதில் சிராங்கூன் சாலையில் ஆட்களை விலக்கிக்கொண்டு ஓடுவேன் என்று நான் நினைத்ததில்லை.

டாக்ஸி சாலையோரம் நின்றிருந்தது. கண்ணாடி இறங்கியது. அவர் என்னை ஏற இறங்கப் பார்த்தார். தாளை வாங்கி மடியில் வைத்துக்கொண்டார், பேனாவை வாங்கவில்லை.

"மூணு வருஷத்துக்கு முன்னாடி அந்த மனுஷன எழுப்பி நிக்க வெச்சிப் பேசினீங்களே. ஞாபகம் இருக்காம்மா?"

"இருக்குண்ணே" என்றேன்.

"அன்னைக்கு நானும் இருந்தேன். ராத்திரி சாப்பாடு எறங்கல எனக்கு."

பின்னால் ஒரு வண்டி ஒலி எழுப்பியது. டாக்ஸி ஓட்டுநர் திரும்பித் திரும்பிப் பார்த்தார். மூன்று இருபத்தாறு. அவர் போடமாட்டேன் என்று சொன்னால், அது நியாயம்தான் என்று தோன்றியது. அதே நேரம், முந்தைய நாள் என் கையைப் பிடித்துக்கொண்டு அடுத்த மாதமும் இங்கேதானே என்று கேட்ட அம்மாவின் முகமும் வந்தது.

"அவரு வந்திருக்காரா?" என்றார்.

"மேல இருக்காரு."

"இதுல போட்டுட்டாரா?"

முதல் வரியைக் காட்டினேன். அவர் அந்தக் கையெழுத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "அவரே போட்டாச்சு. அப்புறம் நான் யாரு?" என்று பேனாவுக்குக் கை நீட்டினார். அவர் மனைவியும் போட்டார். நாற்பத்து நான்கு.

மேலே போய்த் தாளைத் தலைவரிடம் கொடுத்தேன். அவர் ஒவ்வொரு கையெழுத்தாக எண்ணினார். அந்த மனிதர் எதையும் எண்ணி நான் பார்த்ததில்லை. பிறகு கூட்டத்தைத் தொடங்கி, முதலில் என்னைப் பேசச் சொன்னார். அறிவிப்பு எப்படி ஒரு நாள் குறைந்தது, யாருடைய தவறு, எந்த விதியின்படி இந்தக் கூட்டம் செல்லும், அந்த விதியை யார் எனக்குச் சொன்னார் என்று நான்கு வாக்கியங்கள் படித்தேன். மன்னிப்புக் கேட்டேன். அறையில் சின்னச் சிரிப்பொலி எழுந்து அடங்கியது. வலிக்கிற மாதிரி யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மூன்று ஆண்டுகளுக்கு முன் நான் எடுத்துக்கொண்ட அந்த நான்கைந்து நிமிடங்களை என்னிடம் யாரும் திருப்பித் தரவில்லை.

அடுத்து முந்தைய ஆண்டின் கூட்டக் குறிப்பு. திருத்தங்கள் ஏதும் உண்டா என்று தலைவர் வழக்கம்போல் கேட்டார். வழக்கம்போல் அமைதி. அவர் மேலே போகத் தாளைப் புரட்டியபோது, கடைசி வரிசையில் ஒரு கை உயர்ந்தது. பெரியவர். அறை முழுதும் திரும்பியது.

மூன்றாம் பக்கம், துணைத் தலைவரை முன்மொழிந்தவர் பெயரும் வழிமொழிந்தவர் பெயரும் இடம் மாறியிருக்கின்றன என்றார். அவர் அந்தக் கூட்டத்துக்கு வந்தவரே இல்லை. யாரோ எப்போதோ அவரிடம் சொல்லியிருக்க வேண்டும்.

"சரிங்க சார், திருத்திக்கிறேன்" என்று பேனாவை எடுத்தேன். எழுதி முடித்து நிமிர்வதற்குள் இன்னும் மூன்று கைகள் உயர்ந்திருந்தன. ஒருவர் பெயரில் எழுத்துப் பிழை. இன்னொருவர் கேட்ட கேள்வியை நான் குறிப்பில் சேர்க்கவே இல்லை. செம்பவாங்காரர் தன் புளோக் எண்ணை எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னார். எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பதினைந்து நிமிடம் ஆனது. நான் மூன்று ஆண்டுகள் எழுதிய குறிப்புகளிலேயே உண்மைக்கு மிக அருகில் வந்தது, அந்தப் பதினைந்து நிமிடத்தில் திருத்திய அந்தக் குறிப்புதான்.

குத்தகைத் தீர்மானம் நிறைவேறியது. வழக்கறிஞரின் தாளில் திங்கட்கிழமை கையெழுத்திட்டேன், சம்மதப் படிவத்தின் நகலையும் இணைத்து. செவ்வாய்க்கிழமை காலை முதியவர்கள் எப்போதும்போல் வந்து கேரம் பலகையை விரித்தார்கள். அவர்களில் யாருக்கும் எதுவும் தெரியாது.

இன்றும் சங்கத்தின் செயலவையில்தான் இருக்கிறேன். எழுதுவதை இன்றும் இரண்டு முறை சரிபார்க்கிறேன், அந்தக் குணம் போகாது. கூட்டத்தில் 'திருத்தங்கள் உண்டா' என்று கேட்டு யாராவது கை உயர்த்தினால் ஒருகணம் பயம் வரவே செய்கிறது. ஆனால் ஒரு கைகூட உயராத கூட்டம்தான் இப்போது எனக்கு அதைவிட அதிகப் பயத்தைத் தருகிறது.